அய்யாவுக்கு வைத்த அளவு

நாச்சியாபுரம்,
வெள்ளிக்கிழமை, மதியம்.

அன்புள்ள மச்சானுக்கு, அனுசுயா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று முழு மனசோடு எழுத வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஓமனில் இன்னும் வெயில் குறையவில்லை என்று சொன்னீர்கள்.

புதன்கிழமை நீங்கள் பாலைவனத்துக்குள் குழாய் வேலைக்குப் போய்விட்டீர்கள். கேம்புக்குத் திரும்பி வரும்வரை சிக்னல் கிடைக்காது, போனுக்காகக் காத்திருக்காதே என்றும் சொல்லிவிட்டீர்கள். சேவுகப்பெருமாள் அண்ணன் லீவு முடிந்து அடுத்த வாரம் கிளம்புகிறார். எலுமிச்சை ஊறுகாயோடும் மல்லிப் பொடியோடும் இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்து, உங்கள் கட்டில் மேல் வைத்துவிடச் சொல்லப்போகிறேன். திரும்பி வந்ததும் போனைத் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள். போனில் என்னால் பேச முடிவதில்லை. உங்கள் அறையில் நாலு பேர் இருக்கிறீர்கள். இங்கே மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறது. நீங்கள் ஒன்று சொல்ல, மாமா ஒன்று சொல்ல, நடுவில் நான் சரிங்க சரிங்க என்று வைத்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமையும் சரி என்றுதான் சொன்னேன். அந்தச் சரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது. மதியத்திலேயே வீட்டுக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம், ஊரே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல. மாமா நாற்றங்காலைப் பார்க்கப் போயிருக்கிறார். சின்னக்கண்ணு தூங்குகிறான்.

அவன் தூங்குவதைப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. தூங்கட்டும், நல்லதுதான், ஆனால் எழுப்பினால் எழுந்திருக்க வேண்டும் என்று காரைக்குடி டாக்டர் சொல்லி அனுப்பினார். தூக்கத்தில் இத்தனை வகை உண்டென்று எனக்கு இதுவரை தெரியாது. விளையாடிக் களைத்த தூக்கம், சோறு தின்ற தூக்கம், மழைச் சத்தம் கொண்டுவருகிற தூக்கம். இவை எல்லாவற்றுக்கும் கீழே, கிணற்றின் அடியில் கிடப்பது போல, டாக்டர் பயப்படச் சொன்ன தூக்கம் ஒன்று இருக்கிறது. அதன் முகம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. உள்ளங்காலைச் சுரண்டுகிறேன். "சும்மா இரும்மா" என்கிறான். அதைக் கேட்டுவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காக நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. எல்லாம் மாமாவின் சத்தத்தோடு கலந்துதான் உங்களுக்கு வந்தது. போன சனிக்கிழமை களத்தில் நின்ற டிராக்டர் டிரெய்லரில் ஏறி, வாத்து நீந்துகிற மாதிரி கையை அடித்துக்கொண்டு குதித்திருக்கிறான். சிமெண்டுத் தரையில் தலை பட்டுவிட்டது. டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மாமாவுக்குக் கை மரத்துப்போனபோது தலையைப் படம் எடுத்தோமே, அதே சென்டருக்குத்தான் ஓடினோம்.

கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டது. நம் வீட்டு நம்பரைச் சொன்னேன். தட்டியதும் திரையில் பெயர் வந்துவிட்டது. "முத்துக்கருப்பன்தானேக்கா?" என்று கேட்டது. பக்கத்தில் மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நம் வீட்டில் மருமகள் வாயில் மாமனார் பெயர் வருகிற வழக்கம் இல்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்த நாளிலிருந்து நான் மட்டும் அவனைச் சின்னக்கண்ணு என்று கூப்பிடுவது அதனால்தானே. தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். திரையில் இருந்தது பேரன் இல்லை, அவனுடைய அய்யா, பாட்டன். அந்தப் பெண்ணும் மேற்கொண்டு கேட்கவில்லை.

படம் எடுக்கிற ரவிக்குமார் பிள்ளையைக் கண்ணால் பார்த்தவர்தான். ஆனால் வயது அறுபத்தெட்டு என்று பதிவு சொன்னதால், இயந்திரம் பெரியவர்களுக்கான கதிர் அளவைத் தானாக எடுத்து வைத்திருந்தது. பிள்ளை அலறுகிறான். கதவுக்கு வெளியே மாமா, "என்னய்யா பாத்துக்கிட்டே நிக்கிறீக, பிள்ளை கத்துறது ஒங்க காதுல விழுகலையா" என்று மிரட்டுகிறார். அந்த அவசரத்தில் ரவிக்குமார் அளவை மாற்றாமல் பொத்தானை அழுத்திவிட்டார்.

படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டர் சென்னையில் இருக்கிறார். அவர்தான் கூப்பிட்டுக் கேட்டாராம். "ஏம்ப்பா, அறுபத்தெட்டு வயசுன்னு போட்டிருக்கு, தாடைக்குள்ள முளைக்காத பல்லு வரிசையா நிக்குதே, இது எந்த ஊருத் தாத்தா?" ரவிக்குமார் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்து, மறைக்காமல் எங்களிடம் அவரே சொன்னார். நீங்கள் போனில் பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, வைத்த கதிர் அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு இது சிரிப்பாகிவிட்டது. பொன்னழகு அக்கா தண்ணீர்க் குழாயடியில் வைத்து, "என்னடி அனு, ஒம் மகனுக்கு அறுபதாங் கல்யாணம் எப்ப? எங்களுக்கெல்லாம் சொல்லுவியா மாட்டியா?" என்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா மட்டும் சிரிப்பதில்லை. தன் பெயர் பேரனைச் சுட்டுவிட்டது என்று நினைக்கிறார் போல. இரண்டு நாளாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏலேய்" என்கிறார்.

படத்தில் மண்டை ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசலும், அதன் கீழே கடுகு அளவு ரத்தப் பொட்டும் இருந்தன. தானாகக் கரைந்துவிடும், வாந்தியோ மயக்கமான தூக்கமோ வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஆனால் மச்சான், அந்தப் படத்தில் நான் வேறொன்றையும் பார்த்தேன். பால் பல்லுக்கு மேலே, எலும்புக்குள்ளே, இனி முளைக்க வேண்டிய பற்கள் எல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருக்கின்றன. ரெண்டாம் வகுப்பில் அவன் சிரிக்க வேண்டிய சிரிப்பு அங்கே இருட்டில் தயாராக இருக்கிறது.  பயந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து ஒரே கனவு. பெரிய வெள்ளை வளையம், உள்ளே அவன் படுத்திருக்கிறான், மேலிருந்து மாவு போல வெளிச்சம் அவன் தலைமுடியில் விழுகிறது. முந்தானையால் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்க இன்னும் விழுகிறது. அவன் மட்டும் சந்தோஷமாக, "மழைம்மா" என்கிறான்.

என்னோடு இயற்பியல் படித்த நித்யஸ்ரீயை ஞாபகம் இருக்கிறதா? நம் கல்யாணப் பந்தியில் உங்கள் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாளே, அவள்தான். கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போகிற கதிரை அளந்து பார்க்கிற வேலையில் இருக்கிறாள். ரவிக்குமார் எழுதிக் கொடுத்த எண்ணை அவளுக்கு அனுப்பினேன். சின்னப் பிள்ளைக்கு வைக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஒப்புக்கொண்டாள். நான் அழுததும், "அடியே, அந்த நம்பர் ஒன் மகன் வாங்கினது இல்லடி. தலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் உருளை வச்சிருப்போம். அது அந்த அளவுல உள்ள படுத்திருந்தா எவ்வளவு வாங்கியிருக்கும்ங்கிற கணக்கு. ஒன் மகன் தலைக்குள்ள யாரும் மீட்டர் வைக்கல. பின்னால கெடுதல் வர்ற வாய்ப்பு எள்ளளவு கூடியிருக்கலாம். அந்த எள்ளையே பாத்துக்கிட்டு உக்காராத" என்றாள்.

அந்த உருளையைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பதிலாக எங்கோ ஒரு அறையில் பேசாமல் படுத்து, எல்லா வெளிச்சத்தையும் தானே வாங்கிக்கொள்கிற தலை. நானாக இருந்திருக்கக் கூடாதா அது என்று தோன்றுகிறது.

இனி அந்தச் சரி. செவ்வாய்க்கிழமை நீங்கள், "அவனுக்குப் போதும். இனிமே எவன் சொன்னாலும் இன்னொரு ஸ்கேன் எடுக்கக் கூடாது. அப்பா, கேட்டுக்கிட்டீகளா?" என்றீர்கள். மாமா, "ஒன் வார்த்தை அப்பிடியே நிக்கும்ப்பா" என்றார். நானும் சரி என்றேன். உங்கள் பயம் எனக்குத் தெரியும். குழாயைப் பற்றவைத்த இடத்தையெல்லாம் கதிர் வைத்துப் படம் எடுக்கிறவர் நீங்கள். நெஞ்சில் குத்தியிருக்கிற, கதிரை அளக்கிற அட்டையில் அளவு கூடிவிட்டது என்று போன வருஷம் உங்களை வேலைக்கு அனுப்பாமல் கேம்பிலேயே உட்கார வைத்தார்கள். அதே மாதிரி இவனையும் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. இவன் நெஞ்சில் ஒரு அட்டைகூட இல்லை.

இருங்கள். முனகுகிறான்.

மதுரை, ஆஸ்பத்திரி,
ஞாயிற்றுக்கிழமை, காலை.

மேலே எழுதியதை மடித்துப் பையில் போட்டது ஞாபகம் இருக்கிறது. எப்போது போட்டேன் என்று ஞாபகம் இல்லை.

எழுந்து உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன். மறுபடியும் எடுத்தான். அதற்குப் பிறகு ஒரு தூக்கம் வந்தது. உள்ளங்காலைச் சுரண்டினேன். காலை இழுத்துக்கொண்டான், வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் சுரண்டினேன். அவன் சொல்கிற அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. காரைக்குடி டாக்டருக்குப் போன் செய்ததும், தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள், குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரியில் திரும்பவும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்றார்.

மாமா வயல் சேற்றுக் காலோடு வாசலில் நிற்கிறார். "எம் மகன் பாண்டி வேணாமுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கானேத்தா. அவனுக்குத் தெரியாத கதிரா?" என்கிறார். உங்கள் நம்பரைப் போட்டேன். நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தக் குரல் சொன்னது. எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். இன்னொரு தடவையும் போட்டேன்.

பிறகு நித்யஸ்ரீயைக் கூப்பிட்டேன். அவள் எப்போதும் கேலி பேசுகிறவள், அன்று கேலி இல்லை. "அனு, நல்லாக் கேளு. ஒன் வீட்டுக்காரருக்கு வரம்பு இருக்கு. ஏன்னா அவர் வாங்குற கதிரால அவர் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. நோயாளிக்கு அந்த மாதிரி வரம்பு கிடையாது. போன தடவை கூட வாங்கிட்டான், அதனால இந்தத் தடவை வேண்டாம்னு சொல்றது தப்புக் கணக்கு. நடந்ததைக் கழிக்க முடியாது. இன்னைக்கு இந்தப் படம் தேவையா? டாக்டர் தேவைங்கிறாரா? அப்ப எடு. பிள்ளைக்கான அளவுல எடுக்கச் சொல்லு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, "வண்டி சொல்லுங்க மாமா" என்றேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் நான் ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல். அவர் காலைக்கூடக் கழுவவில்லை.

திருப்பத்தூர் தாண்டியதும் மழை வலுத்தது. இரண்டு பக்கமும் கண்மாய்கள் ததும்பிக்கொண்டிருந்தன. சாலை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. கார் போகிறதா, இல்லை நாங்கள் நிற்க ஊர்கள்தான் எங்களைக் கடந்து மிதந்து போகின்றனவா என்று இருந்தது. அவன் தலை என் மடியில். கையை அதன் மேல் வைத்திருந்தேன். அத்தனை லேசான மண்டை, அதற்குள் ஒரு கடுகு. அது வளர்ந்திருக்குமா, கரைந்திருக்குமா? கைக்குத் தெரிந்தால் போதுமே, கதிர் எதற்கு என்று நினைத்தேன். கைக்குத் தெரியவில்லை, மச்சான். உங்களை மீறிப் போகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. நீங்களும் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

மதுரையில் கவுண்டரில் பெயர் கேட்டார்கள். வழக்கமாக நான் மாமாவைத்தான் பார்ப்பேன், அவர் சொல்வார். பார்த்தேன். அவர் டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டே, "நீயே சொல்லுத்தா. நாஞ் சொன்னா எவனாச்சும் என் வயசை எழுதிப்புடுவான்" என்றார். நான் தயங்கினேன். "சத்தமாச் சொல்லு. எனக்கே கேக்கணும்" என்றார்.

முத்துக்கருப்பன் என்றேன். என் மகன் என்றேன். வயது நான்கு, பிறந்த தேதி இது, எடை இவ்வளவு, போன வாரம் எடுத்த ஸ்கேனில் பெரியவர்கள் அளவு வைத்துவிட்டார்கள், இந்த முறை பார்த்து வையுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "எம் பேரு ஒன் வாயில நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் நேரமில்லை.

ஸ்கேன் அறையில் செந்தாமரை என்ற பெண் இருந்தது. பழைய படங்களை வாங்கிப் பார்த்தது. தலையில் எதுவரை தேவையோ அதுவரை போதும் என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொண்டது. அசங்கினால் படம் கலங்கும், கலங்கினால் இன்னொரு முறை எடுக்க வேண்டும், அதுதான் வீண் என்று சொல்லி, நான் உள்ளேயே அவன் பக்கத்தில் நிற்கலாமா என்று பார்த்தது. ஈய அங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, "முழுகாம இருக்கீகளாக்கா?" என்று கேட்டது. என் வீட்டுக்காரர் வந்து போய் ஒரு வருஷமாச்சு என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டது போல அங்கியை ரொம்ப மெதுவாகக் கட்டிவிட்டது.

அந்த அங்கியின் பாரத்தில் என்னால் நகர முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளையம் சுழன்றது. கனவில் வந்த மாதிரி மாவு எதுவும் விழவில்லை. மெல்லிய காற்று மட்டும், யாரோ தூரத்தில் புடைக்கிற சத்தம் போல. இவ்வளவுதானா என்று இருந்தது. பத்து எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது.

கடுகு கரைந்துகொண்டிருக்கிறது. புதிதாக ஒன்றுமில்லை. வாந்தி வயிற்றுத் தொற்றால் வந்ததாம். உடம்பில் நீர் வற்றியதால்தான் அப்படித் துவண்டு தூங்கியிருக்கிறான். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நேற்று மதியம் கண்ணைத் திறந்து, மாமாவின் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்து, "அய்யா ஏன் குளிக்கல?" என்றான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். ஒன்றுமில்லை என்றால் எதற்கு எடுத்தாய் என்பீர்கள். ஒன்றுமில்லை என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது, மச்சான். மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடியும் வண்டி சொல்லச் சொல்வேன். இந்த முறை எவ்வளவு என்று செந்தாமரை எழுதிக் கொடுத்தது. பழையதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் பழையதோடு கூட்டுவீர்கள். ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு கூட்டுவீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள்.

கோபம் வந்தால் என் மேல் வரட்டும். மாமாவைக் கேட்காதீர்கள். ஒன் வார்த்தை நிக்கும் என்று மகனிடம் சொல்லிவிட்டு, மருமகள் சொன்னதும் சேற்றுக் காலோடு வண்டியில் ஏறியவர் அவர். இங்கே பெஞ்சில் படுத்து இடுப்பு பிடித்துக்கிடக்கிறார். ரவிக்குமாருக்கும் இவன் நன்றாக இருக்கிறான் என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

போன் செய்யும்போது முதலில் அவனைக் கேளுங்கள். என்னிடம் பேச மனசு வரவில்லை என்றால் அன்றைக்குப் பேச வேண்டாம், நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். அவனிடம் ஸ்கேனைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். இந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றிக் கேளுங்கள். அதில் ஏறி இறங்கியதை அவன் உங்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

குன்றக்குடி முருகன் உங்களைக் காக்கட்டும். கதிருக்குத் தூரம்தான் காவல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான். கதிர் வைத்திருக்கிற அந்தப் பெட்டியைத் திறக்கிறபோது, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிற்கிறீர்களே, அதைவிடவும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சூப்பர்வைசர் சிரித்தால் சிரிக்கட்டும், வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அங்கே தள்ளி நில்லுங்கள். இங்கே சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
அனுசுயா